ஏழைக்கு ஏன் எல்லாம் விலை கூட?

கடந்த ரமழானில் ஸகாத் கணக்குப் பார்ப்பதற்காகப் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தபோது ஒரு சீஆர் கொப்பி கையில் அகப்பட்டது. மட்டை கழன்று, தாள்கள் மஞ்சளாகிப் போன கொப்பி. 1991 முதல் 1999 வரை எங்கள் வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் நான் என் கையால் எழுதி வைத்தது. அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்த பிறகு ஸகாத் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஸஹர் நேரம் வரை அந்தக் கொப்பியைத்தான் புரட்டிக் கொண்டிருந்தேன்.

அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு விடயம் தெளிவானது. என் வாழ்க்கையில் நான் மிக ஏழையாக இருந்த வருடங்களில்தான் ஒவ்வொரு பொருளுக்கும் மிகக் கூடுதலான விலையைக் கொடுத்திருக்கிறேன். இன்று நான் ஒரு நடுத்தர வியாபாரி, அல்ஹம்துலில்லாஹ். இன்று எனக்கு எல்லாமே அன்றை விட மலிவாகக் கிடைக்கிறது. இந்தக் கணக்கை வியாபாரிகளாகிய வாசகர்களோடு பகிர்ந்து கொள்ள வேண்டும் என்று அன்றே நினைத்தேன். அடுத்த ரமழான் நெருங்கி வருவதால் இப்போது எழுதுகிறேன்.

கிடுகுக் கூரையின் கணக்கு

1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். சுமார் 75,000 பேர் வீடு வாசல், கடை, காணி எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். அந்தக் கதையை இங்கு மீண்டும் எழுதப் போவதில்லை. எங்கள் குடும்பம் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியது என்பதையும், பின்னர் புத்தளத்துக்கு அருகில் ஒரு முகாமில் குடியேறியது என்பதையும் மட்டும் சொல்லிக் கொள்கிறேன்.

வாப்பாவுக்கு ஊரில் பலசரக்குக் கடை இருந்தது. முப்பது வருட வியாபாரம். எந்தச் சாமானை எந்த மாதத்தில் வாங்கிப் போட வேண்டும், எந்த மூடையில் எவ்வளவு கழிவு போகும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வள்ளத்தில் அந்த அறிவு முழுவதும் அவரோடு வந்தது. முதல் மட்டும் வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏழைகள் ஏழைகளாகவே இருப்பதற்குக் காரணம் அவர்களுக்குக் கணக்குத் தெரியாது, சிக்கனம் தெரியாது என்று பேசுவோர் நம்மில் பலர். நானும் சில வேளை அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் என் வாப்பா ஒரே இரவில் கணக்கை மறந்துவிடவில்லை. அவர் கையில் காசு இல்லாமல் போனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வாங்கிய ஒவ்வொன்றும் விலை கூடியதாகவே அமைந்தது.

முதலாவது, கூரை. முகாமில் எங்களுக்குக் கிடைத்த இடத்தில் 16 அடிக்கு 12 அடி அளவில் ஒரு கொட்டில் போட்டோம். கூரையும் கிடுகு, சுவரும் கிடுகு. புத்தளத்து வெயிலுக்கும் காற்றுக்கும் கிடுகு ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னர் மாற்றியாக வேண்டும். கொப்பியில் உள்ள செலவு இதுதான்: 1991இல் 1,600 ரூபா, 1992இல் 1,750, 1993இல் 1,900, 1994இல் 2,100, 1995இல் 2,300, 1996இல் 2,600, 1997இல் 2,750, 1998இல் 3,000. எட்டு வருடங்களுக்கு மொத்தம் 18,000 ரூபா.

1991இல் வாப்பா நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போய், தகரம் போட்டால் எவ்வளவு முடியும் என்று விசாரித்து வந்தார். மரத்தோடு சேர்த்து 5,600 ரூபா. அந்தத் தொகையும் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. வாப்பாதான் எழுதச் சொன்னார். "மூன்று வருடக் கிடுகுக் காசில் தகரம் போடலாம் மகன்" என்று அன்றே கணக்குச் சொன்னார். கணக்குத் தெரிந்தும் எட்டு வருடம் கிடுகுதான் போட்டோம். 1999இல் ஒருவாறு தகரம் போட்டபோது அதன் விலை 13,000 ரூபாவாக ஏறியிருந்தது.

சேமித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சேமித்தோம். 1992இல் 1,900 ரூபா வரை சேர்ந்தது. அப்போது தங்கச்சிக்கு மலேரியா. ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் வாகனத்துக்குமாக இரண்டு கிழமையில் அந்தக் காசு போய்விட்டது. வாப்பாவும் நானும் சேர்ந்து ஒரு நாளைக்கு 120 ரூபாவுக்கு மேல் கொண்டுவந்த நாட்கள் குறைவு. சாப்பிடுவதற்கோ எட்டுப் பேர். ஆயிரத்து அறுநூறு ரூபாவை எப்படியாவது புரட்டலாம். ஐயாயிரத்து அறுநூறு ரூபாவை ஒரே தடவையில் புரட்ட முடியாது. அந்த நாலாயிரம் ரூபா கையில் இல்லாத குற்றத்துக்காக நாங்கள் கட்டிய அபராதம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். 1993 மழையில் கூரை ஒழுகி இரண்டு மூடை கோதுமை மா நனைந்து போன நட்டம் இதில் சேரவில்லை.

ஐந்து கிலோ சீனியும் ஒரு மூடை சீனியும்

1992இல் கொட்டிலுக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டுச் சில்லறைச் சாமான் விற்கத் தொடங்கினேன். தராசு இரவல். முதல் 800 ரூபா.

அந்தக் காசுக்குக் கொழும்புக்குப் போய்ச் சாமான் வாங்க முடியாது. பஸ் காசும் சாமான் கூலியும் லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே புத்தளம் நகரத்துக் கடைகளில் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று வாங்கினேன். என் கொப்பியின்படி, புறக்கோட்டையில் மூடையாக எடுத்தால் கிலோ 25 ரூபாவுக்கு விழும் சீனி எனக்கு 27 ரூபாவுக்கு விழுந்தது. முகாமில் விற்கும் விலை 29 ரூபா. அதற்கு மேல் ஒரு சதம் கூட்டினாலும் சனம் நகரத்துக்கே போய்விடும்.

இதை வியாபாரக் கண்ணோடு பாருங்கள். 25 ரூபாவுக்கும் 27 ரூபாவுக்கும் உள்ள வித்தியாசம் எட்டு சதவீதம்தான். வெளியாளுக்கு அது சிறிய தொகையாகத் தெரியும். ஆனால் மூடையாக வாங்குபவனுக்குக் கிலோவுக்கு நாலு ரூபா மிஞ்சும், எனக்கு இரண்டு ரூபா மிஞ்சும். அதாவது என் லாபத்தில் சரி பாதி போய்விடுகிறது. அவனும் நானும் ஒரே நேரத்தில் கடை திறந்து, ஒரே அளவு பாடுபட்டு, ஒரே விலைக்கு விற்கிறோம். மாத முடிவில் அவன் முதல் இரட்டிப்பு வேகத்தில் வளர்கிறது. இரண்டு வருடங்களுக்குப் பிறகு பார்ப்பவர்கள் அவனைக் கெட்டிக்காரன் என்பார்கள், என்னை உசாரில்லாதவன் என்பார்கள்.

நான் வாங்கிய நாட்கடன்

இனி எழுதப் போவது எனக்கு வெட்கம் தரும் விடயம். ஆனாலும் இதை விட்டுவிட்டால் கணக்கு முழுமையாகாது.

1994 ரமழானுக்குச் சாமான் போடக் காசு தேவைப்பட்டது. ரமழான் வியாபாரத்தைத் தவறவிட்டால் வருடத்தில் பாதியைத் தவறவிட்ட மாதிரி. வங்கிக்குப் போனால் பிணை கேட்பார்கள், காணி உறுதி கேட்பார்கள். எங்கள் காணி உறுதி யுத்த பூமியில் கிடந்தது. கடைசியில் நாட்கடன் கொடுக்கும் ஒருவரிடம் போனேன். கடன் 5,000 ரூபா. கையில் தந்தது 4,500. நாளொன்றுக்கு 100 ரூபா வீதம் 60 நாட்கள் கட்ட வேண்டும்.

"நாளைக்கு நூறு ரூபாதானே" என்று தோன்றும். இப்போது கணக்கைப் பாருங்கள். வாங்கியது 4,500, கட்டியது 6,000. கூடுதல் 1,500. முதலை ஒவ்வொரு நாளும் திருப்பிக் கட்டிக் கொண்டே வருவதால் சராசரியாக என் கையில் இருந்த கடன் அதில் பாதி, சுமார் 2,250 ரூபாதான். 2,250 ரூபாவை இரண்டு மாதம் பாவிப்பதற்கு 1,500 ரூபா கூலி. வருடக் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு நானூறு அளவில் வருகிறது. எந்தப் பெரிய முதலாளியும் இந்த வட்டிக்கு ஒரு நாளும் காசு எடுக்க மாட்டார்.

வட்டி ஹராம் என்பது எனக்குத் தெரியாததல்ல. மத்ரஸாவில் ஓதியவன் நான். வாப்பாவுக்குத் தெரியாமல்தான் வாங்கினேன். அவர் வபாத்தாகும் வரை சொல்லவில்லை. ரமழான் வியாபாரம் முடிந்தபோது லாபம் முழுவதும் அந்தக் கடனுக்கே போயிருந்தது. பாவமும் எனக்கு, லாபம் அவருக்கு. தவ்பாச் செய்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வட்டியின் பாவத்தைப் பற்றி அன்று எங்கள் முகாமில் பல பயான்கள் நடந்தன. 4,500 ரூபாவை வட்டியில்லாமல் தருவதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

ஒரு ஹாஜியார் சொன்ன விலை

1995இல் ஒரு மூடைக்கான காசைச் சேர்த்துக் கொண்டு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். நான் போன கடையின் ஹாஜியார் என்னை முன்பின் அறியாதவர். எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன்.

"எவ்வளவு காசு கொண்டு வந்தீங்க?"

"ஒரு மூடைக்குத்தான் ஹாஜியார்."

"ரெண்டு மூடை ஏத்துங்க. மத்த மூடைக்கு அடுத்த முறை வரக்குள்ள தாங்க. ரெண்டுக்கும் விலை ஒண்டுதான்."

கடனுக்கு ஒரு விலை, கைக்காசுக்கு ஒரு விலை என்பது புறக்கோட்டையில் சாதாரணம். ஆகவே நான் திகைத்துப் போனேன். பல வருடங்களுக்குப் பிறகு அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அண்டைக்கு ஐம்பது ரூபா கூட்டி வச்சிருந்தா எனக்கு ஐம்பது ரூபா கிடைச்சிருக்கும். நீங்க அடுத்த முறை வேற கடையில விலை கேட்டிருப்பீங்க" என்றார். அவர் செய்தது ஸதகா அல்ல, வியாபாரம். அவர் உயிரோடு இருந்தவரை நான் வேறு கடையில் சீனி, பருப்பு வாங்கவில்லை. இன்றும் அவருடைய மகன்மாரிடம்தான் வாங்குகிறேன். அந்த ஒரு மூடைக் கடனால் அவர் குடும்பம் சம்பாதித்த லாபத்தை யாரும் கணக்குப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள்.

என் கொப்பியும் அதே வருடத்தில்தான் திசை மாறுகிறது. இரண்டு மூடை மூன்றானது, மூன்று ஐந்தானது. நான்கு வருடத்தில் தகரம் போட்டோம்.

இது எங்கள் முகாமின் கதை மட்டுமல்ல

இந்த விடயத்தை உலகம் முன்பே கண்டுபிடித்திருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் கப்லோவிட்ஸ் என்ற சமூகவியலாளர் 1963இல் ஒரு நூல் வெளியிட்டார். நியூயோர்க்கின் ஏழைக் குடும்பங்கள் தளபாடங்களையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் தவணைக் கடனில் வாங்கி, வசதியானவர்களை விடக் கூடுதல் விலை கொடுப்பதை அவர் எடுத்துக் காட்டினார். 2002இல் சி.கே. பிரகலாத், அலன் ஹமண்ட் ஆகிய இருவரும் மும்பையின் தாராவிச் சேரியையும் அதே நகரின் வசதி படைத்த வார்டன் வீதிப் பகுதியையும் ஒப்பிட்டு எழுதினார்கள். தாராவியில் அரிசி விலை 1.2 மடங்கு, தண்ணீர் விலை 37 மடங்கு. கடனுக்கு வார்டன் வீதியில் வருட வட்டி 12 முதல் 18 சதவீதம், தாராவியில் 600 முதல் 1,000 சதவீதம். நான் 1994இல் கொடுத்தது அவ்வளவு புதினமானதல்ல என்று விளங்குகிறது.

நம் நாட்டில் நுண்கடன் எனப்படும் மைக்ரோ பினான்ஸ் கிராமத்துப் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்த்தோம். 2016இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்று, கட்ட முடியாமல் போன ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை அரசே பொறுப்பேற்கும் திட்டத்தை அறிவித்து, வருட வட்டிக்கு 35 சதவீதம் என்ற உச்ச வரம்பையும் விதிக்க நேர்ந்தது. முப்பத்தைந்து சதவீதம் என்பதே ஒரு நிவாரணமாகக் கருதப்பட்டது என்றால், அதற்கு முன்னர் எவ்வளவு அறவிட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

2022ஐயும் மறந்துவிட முடியாது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. கையில் காசு இருந்தவர்கள் விலை ஏறுவதற்கு முன்னரே இரண்டு மூன்று மாதச் சாமானை வாங்கி வீட்டில் வைத்தார்கள். அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்குபவர்கள் ஒவ்வொரு நாளும் ஏறிய விலையிலேயே வாங்கினார்கள். கடைக்காரராகிய நாங்கள் அதைக் கண்ணால் கண்டோம்.

என் லாச்சியின் இந்தப் பக்கம்

கொப்பியைப் புரட்டிய அந்த ரமழான் இரவில் எனக்கு இன்னொரு கேள்வி எழுந்தது. அன்று நான் கடைக்கு வெளியே நின்று வாங்கியவன். இன்று லாச்சிக்குப் பின்னால் இருப்பவன். இன்று என்னிடம் யார் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்?

எங்கள் கடைக்கு ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு ஒரு தாத்தா வருவார். கணவர் சுகயீனம், மகன் கூலி வேலை. நூறு கிராம் பருப்பு, ஐம்பது கிராம் தேயிலை, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், சிறிய பைக்கற் பால்மா, இரண்டு முட்டை. அன்றைய கூலி கைக்கு வந்த பிறகுதான் அன்றைய சாமான். அவர் ஒரு மாதத்தில் வாங்கியதைத் தனியாக எழுதச் சொல்லிப் பையனிடம் சொன்னேன். மாத முடிவில் அவர் கொடுத்தது 14,600 ரூபா. அதே சாமானை அதே அளவில் மாதத் தொடக்கத்தில் மொத்தமாக என்னிடமே வாங்கியிருந்தால் 12,300 ரூபா. வித்தியாசம் 2,300. நூற்றுக்குப் பத்தொன்பது அளவில் வருகிறது. வருடத்துக்கு 27,600 ரூபா. அதாவது பன்னிரண்டு மாதம் சாப்பிடுவதற்கு அவர் பதினான்கு மாதத்துக்கு மேற்பட்ட காசைக் கட்டுகிறார்.

கடைக்காரருக்கும் நியாயம் சொல்ல வேண்டும். நூறு நூறு கிராமாக நிறுப்பதற்குப் பையனின் நேரம் போகிறது, பை போகிறது, சிந்திச் சிதறுகிறது. சிறிய பைக்கற்றைக் கம்பனியே கூடுதல் விலைக்குத்தான் தருகிறது. இவற்றையெல்லாம் கணக்குப் பார்த்தேன். அந்த 2,300இல் 1,400 ரூபா வரை உண்மையான செலவு. மீதி 900 ரூபா என் லாபம். மொத்தமாக வாங்கும் வசதியான வாடிக்கையாளருக்கு நான் கொடுக்கும் கழிவு இந்த மாதிரித் தாத்தாமாரின் காசிலிருந்துதான் போகிறது என்பதை அன்றுதான் விளங்கிக் கொண்டேன்.

இது ஹராம் என்று நான் சொல்லவில்லை. அளவையிலோ நிறையிலோ நான் மோசம் செய்யவில்லை. விலையை மறைக்கவுமில்லை. கடனுக்கு விற்கும்போது விலையை முன்கூட்டியே நிச்சயித்தால் கூட்டி விற்பது கூடும் என்றுதான் பெரும்பாலான உலமாக்கள் கூறுகின்றனர். நான் எழுதுவது பத்வா அல்ல. என் கொப்பியை வாசித்த பிறகு என் மனம் ஏற்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பன்னிரண்டு குடும்பங்கள்

பெருநாள் முடிந்த கையோடு ஒரு சிறிய ஏற்பாட்டைத் தொடங்கினேன். நன்கு தெரிந்த பன்னிரண்டு குடும்பங்களைத் தெரிவு செய்தேன். மாதத் தொடக்கத்தில் பத்தாயிரம் ரூபாவுக்கு உட்பட்ட சாமானை மொத்த விலைக்கே கொடுப்பது. அவர்கள் அன்றாடம் கடைக்குக் கொண்டுவரும் அதே காசைக் கொண்டுவந்து கட்டுவது. மாதம் முடியும்போது கணக்கு முடிய வேண்டும், முடிந்தால்தான் அடுத்த மாதச் சாமான். கூடுதலாக ஒரு சதமும் இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஸூரத்துல் பகரா கற்றுத் தருவதால் இரண்டு கொப்பிகள்: ஒன்று கடையில், ஒன்று அவர்கள் வீட்டில்.

பத்து மாதங்கள் முடிந்துவிட்டன. ஒன்பது குடும்பங்கள் ஒழுங்காகக் கட்டுகின்றன. இரண்டு குடும்பங்கள் இடையிடையே பிந்துகின்றன. அவர்களுக்குத் தவணை கொடுத்திருக்கிறேன். ஒரு குடும்பம் 7,400 ரூபா பாக்கியோடு ஊரை விட்டுப் போய்விட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. எனினும் மற்றவர்கள் முன்னர் வேறு கடைகளில் வாங்கிய சாமானையும் இப்போது என்னிடமே வாங்குகிறார்கள். நிறுக்கும் வேலை குறைந்திருக்கிறது. அந்த 7,400ஐக் கழித்தும் எனக்கு நட்டமில்லை. பெரிய லாபமும் இல்லை. ஆனால் அந்தத் தாத்தா மிஞ்சிய காசில் பழைய தையல் மெசின் ஒன்றைத் திருத்தி எடுத்திருக்கிறார். இப்போது பாடசாலைச் சீருடை தைக்கிறார்.

நாம் செய்யக்கூடியவை

வாசகர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்:

1. சிறு வியாபாரிகள் ஒரு கொப்பி போடுங்கள். மீண்டும் மீண்டும் கட்டும் செலவுகளைத் தனியாக எழுதுங்கள். அடிக்கடி பழுதாகும் பழைய பிறிட்ஜ், மாதா மாதம் மாற்றும் மலிவான டயர், கூலிக்கு எடுக்கும் தள்ளுவண்டி, இவைதான் உங்கள் கிடுகுக் கூரை. கையில் முதலில் மிஞ்சும் காசு கடைக்குப் பெயின்ற் அடிப்பதற்குப் போகாமல், இவற்றில் அதிகமாகக் காசு தின்பதை ஒழிப்பதற்குப் போகட்டும்.

2. ஒரே வீதியில் உள்ள நாலைந்து சிறு கடைக்காரர்கள் சேர்ந்து மூடையாக வாங்கிப் பிரித்துக் கொள்ளுங்கள். போட்டி விற்பதில் இருக்கட்டும். வாங்குவதில் போட்டி போட்டால் லாபம் மொத்த வியாபாரிக்குத்தான்.

3. நாட்கடன் வாங்கும்போது "நாளைக்கு எவ்வளவு" என்று கேட்காதீர்கள். கையில் கிடைப்பது எவ்வளவு, மொத்தமாகக் கட்டுவது எவ்வளவு என்று கேளுங்கள். அந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பலர் அதை வாங்க மாட்டார்கள்.

4. மொத்த வியாபாரிகள் நம்பிக்கையான சிறு வியாபாரிக்கு முதல் இரண்டு மூன்று தடவை கைக்காசு விலைக்கே கடன் கொடுத்துப் பாருங்கள். அவன் வளர்ந்தால் உங்கள் வாடிக்கையாளன் வளர்கிறான்.

5. கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் அவசரத்துக்கு முற்பணம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நாம் கொடுக்காவிட்டால் அவர்கள் போய் நிற்கும் இடம் வட்டிக்கடை.

6. ஸகாத். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரமழான் கடைசிப் பத்தில் நம் பெரிய வீடுகளுக்கு முன்னால் ஏழைகள் வரிசையில் நிற்பதும், ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று கொடுப்பதும் நீண்டகால வழக்கம். 2020 மே 21ஆம் திகதி கொழும்பு மாளிகாவத்தையில் அப்படி ஒரு விநியோகத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் மரணமானார்கள். கொடுத்தவரின் எண்ணத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் ஆயிரம் ரூபா ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் செலவு. அதைக் கொண்டு யாரும் கிடுகிலிருந்து தகரத்துக்கு மாற முடியாது. மஹல்லாவில் பத்துப் பேர் ஸகாத்தைச் சேர்த்து வருடத்துக்கு ஐந்து குடும்பங்களுக்கு ஒரு தையல் மெசின், ஒரு பிறிட்ஜ், ஒரு தராசு, ஒரு மாதச் சரக்கு என்று கொடுத்தால் அடுத்த வருடம் அந்த ஐந்து குடும்பங்கள் வரிசையில் நிற்காது. சில ஊர்களில் கூட்டு ஸகாத் அமைப்புகள் இதைச் செய்து வருகின்றன. அதைப் பரவலாக்க வேண்டியது வியாபாரிகளாகிய நம் பொறுப்பு.

அபூ தாவூதில் வரும் ஒரு சம்பவம் நாம் எல்லோரும் கேட்டதுதான். உதவி கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் மட்டுமே இருந்தன. அவற்றை ஏலத்தில் விற்று இரண்டு திர்ஹம் பெற்றுக் கொடுத்தார்கள். ஒன்றுக்குக் குடும்பத்துக்கு உணவு, மற்றதற்கு ஒரு கோடரி. கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, பதினைந்து நாட்கள் விறகு வெட்டி விற்கும்படி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார். இதைப் பயான்களில் உழைப்பின் சிறப்புக்காகச் சொல்வார்கள். ஒரு வியாபாரியாக நான் இதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். இரண்டு திர்ஹத்தையும் சாப்பிட்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். அன்றைய பசியையும் ஆற்றி, கருவிக்கும் வழி செய்த பிறகுதான் அவரை உழைக்க அனுப்பினார்கள். கையில் கோடரி இல்லாதவனிடம் உழைக்கச் சொல்லவில்லை.

இந்த ரமழானுக்கு முன்னர் உங்கள் கடைக் கணக்கை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். உங்களிடம் மிகக் குறைவாக வாங்குபவர் யார், அவர் ஒரு கிலோவுக்கு என்ன விலை கொடுக்கிறார் என்று பாருங்கள். நான் பார்த்தேன். அந்தச் சீஆர் கொப்பியை இப்போது இரும்புப் பெட்டியில் வைப்பதில்லை. லாச்சிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.